வெட்டுக்கோட்டுக்கு வெளியே

– கை ஈரத்தோட கிட்ட வராதே, ப்ரியம். ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு.

– வரலை. சமையலறை வாசப்படியிலதான் நிக்கறேன். கண்ணாடியை எதுக்குக் கழட்டினேள்?

– கோட்போலே வர்றார் இல்லையா சாயந்திரம். கண்ணாடிக்குப் பின்னாடி வெச்சுக் காட்டினா அவருக்குப் பாத்த மாதிரியே இருக்காது.

– பாக்கட்டும், வேண்டாங்கலை. பாக்கறதுக்கு எதுக்கு பிரவுன் பேப்பரும் சணலும்?

– பாத்துட்டு எடுத்துண்டு போவார்.

– எதை? இந்த ரயில் படத்தையா?

– வேற எதை? யானைப் படத்தை ஃப்ரேம் கடையில குடுத்திருக்கேன். ஆத்துல இருக்கறது இது ஒண்ணுதான்.

– ஒரு வருஷமா நம்ம ஹால்ல தொங்கற ரயிலை, பம்பாய்லேர்ந்து ஒருத்தர் வந்து தூக்கிண்டு போகப்போறார். அதை எனக்கு இப்போ சொல்றேள். சாபுதாணா வடைக்கு ஜவ்வரிசி ஊறவெச்சதுக்கு அப்புறம்.

– வடை வேணும்னு முன்னாடியே சொன்னேனே.

– வடையைச் சொன்னேள். ரயிலைச் சொல்லலை.

– விக்கலை, ப்ரியம். மாத்திக்கறேன். நீல்வஜ்ரா காமிக்ஸ் சேக்கறவா யாரும் விக்கறதில்லை. அவர்கிட்ட உள்பக்கங்கள் ஒரு கட்டு இருக்கு. கறுப்பு மசியில வரைஞ்ச அசல். நான் எத்தனை வருஷமா தேடறேன்னு உனக்கே தெரியும். அவருக்கு வேண்டியது மேலட்டைக்கு வரைஞ்ச அசல். முடிஞ்சுது.

– புனேல ஔந்த் பாங்க் பிராஞ்ச் மானேஜர் விஸ்வேஸ்வரன். பறக்கற மனுஷன் படத்தைக் குடுத்துட்டு இன்னொரு பறக்கற மனுஷன் படத்தை வாங்கிக்கப்போறார்.

– பறக்க மாட்டான். எத்தனை தடவை சொல்லியிருக்கேன். தாவுவான்.

– சரி. தாவற மனுஷன்.

– அந்த இங்க் பேனாவை எடுத்து மேஜை ஓரத்துல வை. கையைத் துடைச்சுண்டு.

– பேனா எதுக்கு?

– அட்டைக்குப் பின்னாடி கையெழுத்துப் போடணும்.

– அது என்ன செக்கா?

– செக்குக்கு மேல. செக் திரும்பி வந்தா கேஸ் போடலாம். இதுக்கு ரசீது கிடையாது, சர்ட்டிஃபிகேட் கிடையாது. குடுக்கறவன் பின்னாடி தன் பேரை எழுதிக் குடுக்கணும். ‘இது அச்சுக்குன்னு வரைஞ்ச அசல்தான், நான் பொறுப்பு’ன்னு அர்த்தம். அடுத்தவன் யாருக்காவது குடுத்தா, அவன் பேரை அதுக்குக் கீழே எழுதுவான்.

– தப்பா எழுதிட்டா?

– அப்புறம் அவன் பேர் இருக்கற எல்லா அட்டையும் சந்தேகம்தான். சோலாப்பூர்ல ஒருத்தர் அப்படி மாட்டிண்டார். நல்ல மனுஷன். தெரியாம எழுதினாரோ, தெரிஞ்சு எழுதினாரோ. இப்போ அவர் ஃபோன் பண்ணினா சேக்கறவா யாரும் எடுக்கறதில்லை.

– அப்போ நீங்க போடாதீங்கோ.

– ஏன்?

– சும்மாதான் சொல்றேன். அவர் வந்து வடை சாப்பிடட்டும், பாக்கட்டும், போகட்டும். கையெழுத்தெல்லாம் எதுக்கு?

– பம்பாய்லேர்ந்து வடைக்கா வர்றார்?

– இல்லை… இது அசல்தான்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?

– இதென்ன புதுசா?

– எங்கேர்ந்து வந்தது இது? ஜூனா பஜார்ல பழைய பேப்பரை எடைக்கு வாங்கி எடைக்கு விக்கற இஸ்மாயில் பாய் கடையிலேர்ந்து. அவர் எங்கேர்ந்து எடுத்தார்னு கேட்டேளா?

– கேட்டேன். ‘மூட்டையில வந்துது சாப்’னார். சதாசிவ் பேட்ல நீல்வஜ்ரா போட்ட கம்பெனி மூடினப்போ எல்லாத்தையும் பழைய பேப்பர் எடைக்குத்தானே போட்டா.

– மூட்டையில வந்துதுன்னா என் தலைமுடி கூட வரும். அவர் சொன்னா ஆச்சா?

– அவர் சொன்னதுக்காக இல்லை. அட்டையே சொல்றது. சொல்லட்டுமா? உக்காரு.

– உக்காரலை. உருளைக்கிழங்கு வேகறது.

– நின்னுண்டே கேளு. முதல்ல சைஸ். புஸ்தகத்தைப் பக்கத்துல வெச்சுப் பாரு. படம் ஒண்ணரை மடங்கு. ஏன் பெரிசா வரையணும்? அச்சாபீஸ் காமிரா அதைச் சுருக்கும். சுருங்கும்போது கை நடுங்கின கோடெல்லாம் நெருங்கி நேராயிடும். தூரத்துலேர்ந்து பாத்தா யார் மூஞ்சியிலயும் அம்மைத்தழும்பு தெரியாது பாரு, அது மாதிரி.

– இது எனக்குத் தெரியும்.

– ரெண்டாவது, மேல பாரு, வெறும் ஆகாசம். ‘நீல்வஜ்ரா’ன்னு எழுத்து எங்க? கிடையாது. அது தனியா ஒரு கண்ணாடித்தாள்ல எழுதி மேல ஒட்டறது. மராத்திக்கு ஒரு தாள், ஹிந்திக்கு ஒரு தாள். படம் ஒண்ணுதான், சட்டை மாத்தற மாதிரி. விஷயம் தெரியாதவன் காப்பி அடிச்சா தலைப்பையும் சேத்து வரைஞ்சுடுவான். அங்கேயே மாட்டிப்பான்.

– இதுவும் தெரியும்.

– மூணாவது…

– நாலு மூலையிலயும் சிலுவை மாதிரி கோடு. வெட்டற மெஷினுக்கு அடையாளம். ஓரத்துல நீலப் பென்சில்ல காமிராக்காரனுக்குக் குறிப்பு. உள்ளே எழுதினா அச்சுல வந்துடும், வெளியில எழுதினா வெட்டுல போயிடும். சரிதானே?

– …சரிதான்.

– இத்தனையும் தெரிஞ்சுண்டு எவனாவது வரையலாமே.

– எவனுக்குத் தெரியும்? எந்தப் புஸ்தகத்துலயும் இது கிடையாது.

– உங்க வாயில இருக்கே. காஸ் சிலிண்டர் கொண்டுவர பையாவுக்குக் கூட நீலப் பென்சில் விஷயம் தெரியும். போன தீபாவளிக்கு மகர்பட்டாலேர்ந்து உங்க தம்பி சம்பந்தி வந்தாளே, அந்த மாமி கண்ணாடித்தாள் கதை கேட்டுண்டே தூங்கிட்டா.

– அவ தூங்கலை. கண்ணை மூடிண்டு கேட்டா.

– குறட்டை விட்டுண்டு கேட்டா.

– சரி, தெரிஞ்சவனாவே இருக்கட்டும். தெரிஞ்சா போதுமா? வரைய வரணுமே. இந்தக் கையைப் பாரு. கண்டாலா மலையில பாலத்துலேர்ந்து கடைசிப் பெட்டி தொங்கறது. இவன் பாறையில காலை ஊனி ஒத்தைக் கையால இழுத்துப் பிடிச்சிருக்கான். அந்தத் தோள்பட்டையில இருக்கற பாரம் நமக்கே தெரியறது.

– கை குட்டையா இருக்கு.

– குட்டையா இல்லை. நம்மளைப் பாத்து நீட்டற கை குறுகித்தான் தெரியும். டிராயிங் டீச்சர் நீ, உனக்கு நான் சொல்லணுமா?

– எனக்குத் தெரியும், ஆனாலும் குட்டைதான். முழங்கை கிட்ட தப்பு இருக்கு. என் கிளாஸ்ல ஒரு பொண்ணு இப்படிப் போட்டா நான் அழிக்கச் சொல்வேன்.

– நல்லவேளை, அந்த மனுஷன் உன் கிளாஸ்ல படிக்கலை.

– புகையும் சரியில்லை. பஞ்சு மாதிரி இருக்கு.

– நீராவிப் புகை பஞ்சு மாதிரிதான் இருக்கும். என்ன ப்ரியம் உனக்கு இன்னிக்கு? ஒரு வருஷமா இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாராவது வந்தா நான் பேசுவேன், நீ பக்கத்துல நின்னு கேட்டுண்டிருப்பே. முகத்துல ஒரு சிரிப்பு கூட இருக்கும்.

– நான் எங்க சிரிச்சேன்?

– இருக்கும். இன்னிக்கு திடீர்னு கை குட்டை, புகை பஞ்சு.

– நீங்க பேர் எழுதப்போறேள்னு சொன்னதுனாலதான். சோலாப்பூர்க்காரர் மாதிரி ஆயிடப்படாதேன்னு.

– ஆகாது. இதைக் காட்டறேன், பாரு. உனக்கு இதைக் காட்டினதே இல்லை, ஃப்ரேமுக்குள்ள மவுண்ட் அட்டை போட்டு ஓரத்தை மறைச்சுட்டேன். இந்த மூலைக்கோட்டை இதோட சேத்துப் பாத்தா, இதுதான் வெட்டுக்கோடு. ஆனா படம் இங்க நிக்கலை. ஒரு விரல் அகலம் வெளியிலயும் போறது. ஏன்னு சொல்லு.

– நீங்களே சொல்லுங்கோ.

– அச்சடிச்சு, மடிச்சு, அடுக்கா வெச்சு ஒரே வெட்டா வெட்டுவா. கத்தி ஒரு மயிரிழை அப்படி இப்படி நகரும். படம் கோட்டோட முடிஞ்சுதுன்னா ஓரத்துல வெள்ளையா ஒரு கீத்து தெரியும். அதுக்காகக் கலரை வெளியில இழுத்துவிடறது. மடிச்சுத் தைக்கறதுக்குன்னு துணியை ஒரு விரல் விட்டு வெட்டற மாதிரி. அந்த ஒரு விரலும் குப்பைக்குப் போறது. புஸ்தகத்துல வராது.

– சரி.

– இப்போ இந்த ஓரத்துல கடைசிப் பெட்டி இன்னும் கொஞ்சம் நீள்றது. வெட்டுக்கோட்டுக்கு வெளியே ஒரு ஜன்னல். அதுல ஒரு பொம்மனாட்டி. என்ன பண்றா தெரியுமா? ஜன்னல் கம்பில ஈரத்துண்டைக் கட்டிக் காயவெச்சுண்டிருக்கா. ரயில் அந்தரத்துல தொங்கறது. கீழ அதல பாதாளம். இவ பாட்டுக்குத் துண்டை உலத்தறா. அந்த முகத்துல பயமே இல்லை. ‘பிடிச்சுண்டிருக்கான் இல்லையா ஒருத்தன், விடமாட்டான்’ங்கற மாதிரி.

– …நன்னா இருக்கா?

– நன்னா இருக்காவா? இத்தனை படத்துலயும் எனக்குப் பிடிச்சது அதுதான். இப்போ யோசி. காப்பி அடிக்கறவன் எதைப் பாத்து அடிப்பான்? அச்சான புஸ்தகத்தைப் பாத்து. அதுல இவ இல்லை. இல்லாதவளை எப்படிக் காப்பி அடிப்பான்? இது ஒண்ணு போதும், அசல்னு கையெழுத்துப் போட.

– கற்பனை பண்ணியிருக்கலாம்.

– யாரும் பாக்காத இடத்துக்கு எவன் உக்காந்து கற்பனை பண்ணுவான்?

– பண்றவா பண்ணுவா.

– எதுக்கு?

– அந்த இடம் காலியா இருக்கேன்னு. என்ன அப்படிப் பாக்கறேள்?

– ஒண்ணுமில்லை. பேனா எங்க?

– கேளுங்கோ… ஒரு நிமிஷம். இந்தப் புஸ்தகம் எந்த வருஷத்துது?

– எழுபத்திநாலு.

– எழுபத்திநாலுல ரயில்ல போனா தண்ணி எதுல எடுத்துண்டு போவா?

– கூஜாவுல. எங்கம்மா திருகுமூடி போட்ட கூஜாதான் வெச்சிருந்தா. எதுக்குக் கேக்கறே?

– அந்தப் பொம்மனாட்டி பக்கத்துல, ஜன்னல் விளிம்புல என்ன இருக்கு பாருங்கோ.

– என்னமோ இருக்கு. சின்னதா.

– பிளாஸ்டிக் பாட்டில். ஸ்டேஷன்ல விக்கற தண்ணி பாட்டில். எழுபத்திநாலுல ஏது அது? அப்போ இதை யாரோ இப்போதான் வரைஞ்சிருக்கணும். அசல் இல்லை. பேர் எழுதாதீங்கோ.

– கண்ணாடி பாட்டிலா இருக்கும். மருந்து பாட்டில்.

– நீல மூடி போட்ட மருந்து பாட்டில் எங்க பாத்தேள்?

– நீல மூடி.

– ஆமா.

– ப்ரியம், அது ஒரு புள்ளி. நல்ல ஊசி முனை அளவு. லென்ஸ் வெச்சுப் பாத்தாத்தான் நீலம்னே தெரியும். நீ நிக்கறது சமையலறை வாசப்படியில.

– தினமும் நான்தானே துடைக்கறேன். கண்ணுல பட்டிருக்கும்.

– கண்ணாடியைத் துடைப்பே. கண்ணாடிக்குக் கீழ இந்த ஓரத்தை மவுண்ட் மூடியிருந்துது. இப்பதானே சொன்னேன். கொண்டுவந்த அன்னிக்கே நானே மூடினேன். அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் திறக்கறேன்.

– …

– உருளைக்கிழங்கு வெந்துடுத்துன்னு நினைக்கறேன்.

– வெந்துடுத்து.

– போய் அடுப்பை அணைச்சுட்டு வா.

– அணைச்சாச்சு.

– டிகாக்ஷனை ஏன் அவ்வளவு ஸ்ட்ராங்கா போட்டே?

– …எந்த டிகாக்ஷன்?

– இந்த அட்டைக்கு. பழுப்பா தெரியணும்னு தடவினியே, அது.

– எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?

– வாங்கின அன்னிக்கே. நல்ல மழை. ரிக்ஷாவுல மடியில வெச்சுண்டு வந்தேன். யூனிவர்சிட்டி சர்க்கிள் தாண்டறதுக்குள்ள ஓரம் கொஞ்சம் நனைஞ்சுடுத்து. ரிக்ஷா முழுக்க காப்பி வாசனை. ரிக்ஷாக்காரனே திரும்பிப் பாத்தான். இஸ்மாயில் பாய் கடைச் சாமான்ல எலி வாசனை வரும், ஃபினாயில் வாசனை வரும். சிக்கரி கலந்த காப்பி வாசனை எப்படி வரும்? இந்த ஊர்ல பழைய பேப்பர்காரா எல்லாரும் சாய் குடிக்கறவா.

– தேயிலைத் தண்ணி பச்சையா அடிச்சுது. பழுப்பு வரலை. அதான் டிகாக்ஷன்.

– அப்பவும் நம்பலை நான். திங்கட்கிழமை பாங்க்குக்கு எடுத்துண்டு போய் கள்ளநோட்டு பாக்கற விளக்குல வெச்சேன்.

– இதையா?

– இதைத்தான். இப்போ வர்ற காகிதத்துல வெளுப்பா தெரியணும்னு ஒரு மருந்து சேக்கறா. வேஷ்டிக்கு நீலம் போடற மாதிரி. அந்த விளக்குல அது பளீர்னு மின்னும். நல்ல நோட்டுக்கு மருந்து இல்லாத காகிதம், அதனால இருட்டா கிடக்கும். கள்ளநோட்டு கடைக் காகிதம், காட்டிக் குடுத்துடும். கம்பெனிக்காரா அந்தக் காலத்துல வாங்கினது கையால பண்ற அட்டை, மின்னாது. உன் ரயில் ஓரத்துல, கலர் படாத இடத்துல, கள்ளநோட்டு மாதிரி மின்னித்து.

– லக்ஷ்மி ரோட்ல புதுசா வாங்கின அட்டை.

– அது தெரிஞ்சுது. வரைஞ்சது யாருன்னுதான் யோசிச்சேன். சிக்கரி கலந்த டிகாக்ஷன், கண்ணாடித்தாள் விஷயம், மூலைக்கோடு… இத்தனையும் எந்த ஆத்துல ஒண்ணா இருக்கும்?

– அவ்வளவு தெரிஞ்சுண்டு ஒரு வருஷமா ஏன்னா சும்மா இருந்தேள்?

– நீ ஏன் சும்மா இருந்தே?

– நான் அன்னிக்கு ராத்திரியே சொல்றதாத்தான் இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஜூனா பஜார் போயிட்டு வெறுங்கையோட வந்து, பேப்பரை மூஞ்சிக்கு நேரா பிடிச்சுண்டு உக்காந்துடுவேள். பொறந்தநாளைக்கு விளையாட்டா ஒண்ணு பண்ணலாமேன்னு ஸ்கூல் டிராயிங் ரூம்ல உக்காந்து வரைஞ்சேன். இஸ்மாயில் பாய்கிட்ட குடுத்து, ‘சாப் வந்தா மூட்டைக்குள்ளேர்ந்து எடுக்கற மாதிரி எடுங்கோ’ன்னேன். அவருக்கு ஒரே சிரிப்பு. நீங்க வந்து பிரிச்சதும் ‘ஹாப்பி பர்த்டே’ன்னு சொல்லி முடிச்சுடணும். அவ்வளவுதான்.

– சொல்லலையே.

– எங்க சொல்ல விட்டேள்? வந்து உக்காந்தேள், லென்ஸை எடுத்தேள். எனக்கு முதுகைக் காட்டிண்டு பாத்தேள், பாத்தேள், பாத்துண்டே இருந்தேள். காப்பி ஆறிப்போச்சு. அப்புறம் திரும்பி, ‘இந்தக் கை சாதாரணக் கை இல்லை ப்ரியம்’னேள்.

– ஆமா, சொன்னேன்.

– கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் வரைஞ்ச படமெல்லாம் கபாட் மேல பாயில சுருட்டிக் கிடக்கு. சிம்ஹகட் கோட்டை, முளா நதி, பூச்செடி. ‘நன்னா இருக்கு’ன்னு சொல்லிட்டுப் போவேள். நடந்துண்டே சொல்லுவேள். ஒண்ணுக்காவது லென்ஸ் எடுத்திருக்கேளா? அன்னிக்கு நான் எப்படி வாயைத் திறப்பேன்? திறந்தா, ‘அட, நீயா’ன்னுட்டு லென்ஸைக் கீழ வெச்சுடுவேளே. வர்றவா போறவாகிட்டயெல்லாம் அந்தக் கையைப் பத்திப் பேசுவேள். நான் தட்டை வெச்சுண்டு நின்னு கேப்பேன். சிரிச்சேன்னேளே, அது நிஜம்தான்.

– அந்தக் கை யாருதுன்னு தெரிஞ்சுதான் பேசினேன்.

– என்ன?

– அதுக்கப்புறம் வந்த ஒருத்தர்கிட்டயாவது ‘இது அசல்’னு சொல்லியிருக்கேனா, யோசிச்சுப் பாரு. ‘கையைப் பாருங்கோ, தோளைப் பாருங்கோ’ன்னுதான் சொல்லியிருக்கேன். நீ பக்கத்துல நிக்கறச்சேதான் ஜாஸ்தி சொல்லியிருக்கேன்.

– …அப்படியா?

– அந்த ஜன்னலை மூடி வெச்சது மட்டும் எனக்காக. அவளை வேற யாருக்கும் காட்டப் பிடிக்கலை.

– பாட்டிலை எப்படிக் கவனிக்காம வரைஞ்சேன்னு எனக்கே தெரியலை. கை பாட்டுக்குப் போட்டுடுத்து.

– முதல் நாளே பாத்துட்டேன் அதை. அழகா இருக்குன்னு விட்டுட்டேன்.

– அப்போ இன்னிக்கு இந்தப் பேனா, சணல், எல்லாம்?

– நாடகம். நீயா சொல்லட்டும்னு ஒரு வருஷம் பாத்தேன். நீ சொல்ற வழியா தெரியலை. நான் பேர் எழுதப்போறேன்னா உன்னால பாத்துண்டு இருக்க முடியாதுன்னு தெரியும்.

– வெக்கமா இல்லையா உங்களுக்கு? பம்பாய் மனுஷன் எடுத்துண்டு போய், அங்க யாராவது கண்டுபிடிச்சு, உங்க பேர் நாறிப்போய்… அத்தனையும் நினைச்சுட்டேன்.

– ரயில் எங்கயும் போகாது. திரும்ப மாட்டறேன். இந்தத் தடவை மவுண்ட் இல்லாம. அந்த ஜன்னல் தெரியணும்.

– அப்போ கோட்போலே வரலையா?

– வர்றார், வர்றார். வடை வீணாகாது. உள்பக்கங்களைக் கொண்டு வர்றார்.

– எதுக்குப் பதிலா?

– யானைக்கு.

– …எந்த யானை?

– நம்ம யானைதான். கிணத்துல விழுந்த யானையை நீல்வஜ்ரா தூக்கற அட்டை. இந்தப் பொங்கலுக்கு அப்புறம் இஸ்மாயில் பாய்கிட்ட கிடைச்சுதே.

– அது ஃப்ரேம் கடையில இருக்குன்னேள்.

– உன்னை வம்புக்கு இழுக்கச் சொன்னது. வெள்ளிக்கிழமை கோட்போலே ஏதோ வேலையா புனே வந்தார், நேரா பாங்க்குக்கே வந்து வாங்கிண்டு போயிட்டார். பக்கங்கள் அவர் தங்கை ஆத்துல இருந்துது. இன்னிக்குக் கொண்டு வர்றேன்னார்.

– கையெழுத்து?

– போட்டாச்சு. கொட்டை எழுத்துல, விஸ்வேஸ்வரன், ஔந்த், புனே.

– அதை விளக்குல வெச்சுப் பாத்தேளா?

– பாக்காம போடுவேனா? உன்னால எனக்கு அவ்வளவு ஜாக்கிரதை வந்துடுத்து. வெச்சேன். மின்னவே இல்லை, இருட்டா கிடந்துது. மோந்து பாத்தேன், காப்பி இல்லை. சுத்தமான பழைய அட்டை.

– பழைய அட்டைதான்.

– முகம் ஏன் இப்படிப் போறது உனக்கு? கோச்சுக்காதே, உள்ளதைச் சொல்றேன். ரயில் எனக்கு உசிர். ஆனா அந்த யானையோட காது மடிப்பு இருக்கு பாரு, ஈரத்துல பளபளன்னு… அது வேற கை. உனக்கு இன்னும் அவ்வளவு தூரம் வரலை. வரும். இரு, பெல் அடிக்கறது. அவராத்தான் இருக்கும். நீ எண்ணெயை வை.

– எண்ணெய் இருக்கட்டும். கதவை நான் திறக்கறேன், அவர்கிட்டயும் நானே சொல்லிக்கறேன். நீங்க அந்தப் பேனாவை மட்டும் உள்ள வைங்கோ… யானைக்குப் புது அட்டை வாங்கலை நான். எங்க ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல அந்தக் காலத்து அட்டை ஒரு கட்டு கிடந்துது.